தன் வீட்டுப் பூட்டைத் தானே உடைத்துப் பார்த்தவர்கள்

சிஸ்டம் அட்மின்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி என்றாலே நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஸ்லைடுதான். நாற்பது ஸ்லைடு, கடைசியில் பத்து கேள்வி, ஒரு சான்றிதழ். ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால் இன்னொரு பாதை தெரிகிறது. 'உன் சர்வரை நீயே தாக்கிப் பார், அடி வாங்கிக்கொண்டே அதை ஓட்டிப் பழகு' என்று சொன்ன பாதை. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

1988 நவம்பர் 2-லிருந்து ஆரம்பிப்போம்.

அன்று சாயந்திரம், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ஒரு புரோகிராம் எம்.ஐ.டி. கணினி ஒன்றிலிருந்து இணையத்துக்குள் விடப்பட்டது. தன்னைத்தானே நகலெடுத்து அடுத்த கணினிக்குத் தாவும் 'வோர்ம்' அது. எந்த ஃபைலையும் அழிக்கவில்லை. ஆனால் புகுந்த கணினிக்குள்ளேயே மறுபடி மறுபடி புகுந்தது. 'ஏற்கனவே என் நகல் இங்கே ஓடுகிறதா?' என்று கேட்கும்; 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் ஏழில் ஒரு முறை அதைக் கண்டுகொள்ளாமல் தங்கிவிடும். விளைவு, இயந்திரங்கள் மூச்சுமுட்டி நின்றன. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 மாட்டியிருக்கலாம் என்பது அப்போது போட்ட உத்தேசக் கணக்கு.

அது உள்ளே வந்த வழிகளைப் பாருங்க. மெயில் அனுப்பும் சென்ட்மெயில் புரோகிராமில், பிழை தேடுவதற்காக வைத்த ஒரு வசதி பல இடங்களில் மூடப்படாமலே கிடந்தது. 'யார் லாகின் செய்திருக்கிறார்கள்' என்று சொல்லும் ஃபிங்கர் சேவை, வரும் எழுத்துகளின் நீளத்தைச் சரிபார்க்கவில்லை. போதாக்குறைக்கு எளிதான பாஸ்வேர்டுகள். வோர்முக்குள் 432 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. பயனர் பெயரையே தலைகீழாகப் போட்டும் முயன்று பார்த்தது. பாஸ்வேர்டை ஊகிக்க முடியும் என்பது அன்றைய அட்மின்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. ஆனால் ஒரு தாக்குதல் தன் சர்வரில் நடக்கும்போது எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

அன்றிரவு பல இடங்களில் எடுத்த முடிவுதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமாகப் படுகிறது: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார்கள். இயல்பான பயம்தான். ஆனால் மருந்தும் அதே கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். மோரிஸின் நண்பர் ஒருவர் ஹார்வர்டிலிருந்து, வோர்மைத் தடுக்க மூன்று வழிகளை எழுதிப் பெயர் போடாமல் அனுப்பினார். இணைப்புகள் நெரிசலிலும் துண்டிப்பிலும் கிடந்ததால் அந்த மெயில் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆனது. அதற்குள் பெர்க்லி, எம்.ஐ.டி., பர்டூ ஆட்கள் தூக்கமில்லாமல் உட்கார்ந்து வோர்மைப் பிரித்துப் பார்த்துத் தாங்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்த சில வாரங்களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சி.இ.ஆர்.டி. அவசர உதவி மையம் தொடங்கப்பட்டது. தகவல் பரிமாற ஓர் இடம் கிடைத்தது. பயிற்சி?

அதற்கான பெரிய தூண்டுதல் 1993 டிசம்பரில் வந்தது. டான் ஃபார்மர், வீட்சே வெனிமா என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபார்மர் அமெரிக்கர், வெனிமா நெதர்லாந்துக்காரர், பிற்பாடு போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரை எழுதியவர். உங்கள் தளத்துக்குள் நீங்களே உடைத்துப் புகுந்து அதன் பாதுகாப்பை மேம்படுத்துங்கள் என்பதுதான் கட்டுரையின் தலைப்பே. வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது, எந்த டிஸ்க் ஊருக்கே திறந்து கிடக்கிறது, ஒரு கணினியை நம்பும் இன்னொரு கணினி வழியாக எவ்வளவு தூரம் போகலாம் என்று படிப்படியாகச் செய்து காட்டினார்கள். திருடனின் கண்ணால் சொந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பது மாதிரி.

1995 ஏப்ரல் 5-ல் அதே இருவர் இந்தச் சோதனைகளைத் தானாகச் செய்யும் கருவியை இலவசமாக வெளியிட்டார்கள். பெயர் 'சாத்தான்'. பெயர் பிடிக்காதவர்களுக்காக, எழுத்துகளை மாற்றி 'சான்டா' ஆக்கும் சின்ன புரோகிராமும் கூடவே இருந்தது! ஆனால் எதிர்ப்பு பெயருக்கு மட்டும் இல்லை. 'திருடனுக்குச் சாவிக்கொத்து கொடுக்கிறார்கள்' என்று பெரிய கூச்சல் எழுந்தது. ஃபார்மர் அப்போது பார்த்த வேலையை இழந்தார். ஏப்ரல் 5 வந்தது, போனது, இணையம் விழவில்லை. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: சாத்தான் ஓட்டையைக் காட்டுவதோடு நிற்கவில்லை. அது ஏன் ஆபத்து, எப்படி அடைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் பாடம் வைத்திருந்தது.

கூச்சல் போட்டவர்களின் பயம் வெட்டியானது என்று நான் சொல்ல மாட்டேன். கருவி யார் கையிலும் போகும். ஆனால் திருடன் அதற்கு முன்பே பூட்டைத் திறக்கப் பழகியிருந்தான். பழகாமல் இருந்தது வீட்டுக்காரன் மட்டும்தான்.

தன் சர்வரைத் தானே சோதிப்பது பாதிப் பயிற்சிதான். மீதிப் பாதி, எதிரே ஆள் இருக்கும்போது சமாளிப்பது. 2001-ல் அமெரிக்க ராணுவக் கல்லூரிகளுக்கிடையே ஒரு பயிற்சிப் போட்டி தொடங்கியது. மாணவர்கள் நெட்வொர்க்கைக் கட்டிக் காக்க வேண்டும்; தாக்குவது தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆட்கள். 2005-ல் சான் அன்டோனியோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் இதைச் சாதாரணக் கல்லூரிகளுக்கும் கொண்டுபோனது. இங்கே மாணவர்கள் புதிதாக எதையும் கட்டுவதில்லை. யாரோ அரைகுறையாக விட்டுப்போன ஒரு கம்பெனி நெட்வொர்க்கை அப்படியே கையில் வாங்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் நமக்குக் கிடைப்பது போலவே! ஒரு அணி விடாமல் தாக்கும். நடுவில் 'மேனேஜர்' வந்து புதுப் பயனர்களைச் சேர், அறிக்கை கொடு என்று வேலை ஏவுவார்.

மார்க் போடும் விதம்தான் அழகு. மெயிலும் இணையதளமும் பயனர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தால்தான் புள்ளி. பயந்துபோய் கேபிளைப் பிடுங்கினால், தாக்குபவர் உள்ளே வர முடியாது, புள்ளியும் வராது. 1988-ல் அந்த இரவு கற்றுக்கொடுத்ததை விளையாட்டு விதியாகவே எழுதி வைத்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது. துண்டிப்பது தப்பு என்று இல்லை, சில நேரம் அதுதான் சரி. எதைத் துண்டிப்பது, எதை ஓட விடுவது என்று நெருக்கடியில் முடிவெடுக்கத்தான் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் ஸ்லைடில் வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மூரில் சும்மாவா சொன்னார்கள்.

இன்று இதற்குப் பெரிய செலவுகூட இல்லை. ஒரே லேப்டாப்பில் இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டி, வெளியுலகத்தோடு இணைக்காமல், ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தாக்கிப் பார்க்கலாம். சொந்தமாக உருவாக்கியதையோ எழுத்தில் அனுமதி வாங்கியதையோ மட்டும் தொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரே ஒரு வேலை: தினமும் பேக்கப் எடுக்கிறீங்க இல்லையா, அதை ஒரு காலி சர்வரில் திருப்பிப் போட்டுப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆகிறது, எது விட்டுப்போகிறது என்று எழுதி வையுங்க. ரான்சம்வேர் வந்து நிற்கும் நாளில் அந்த ஒரு பக்கக் குறிப்புதான் கைகொடுக்கும்.