இல்லாத காலின் வலி

வெட்டி அகற்றப்பட்ட காலில் எரிவும் குத்தும் தொடர்வதை 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே பதிவுசெய்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமடைந்தோரைக் கவனித்த சைலஸ் வியர் மிச்சல் 1871இல் அதற்கு ‘மாய உறுப்பு’ என்று பெயரிட்டார்.

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறைப் பக்கத்திலும் இந்த வலியைப் பெருக்கியது போர்தான். 1987 மே மாதம் வடமராட்சியில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையும், அடுத்து வந்த ஆண்டுகளின் எறிகணைகளும் மிதிவெடிகளும் குடாநாட்டில் பலரது கால்களைப் பறித்தன. அதே 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் தொடங்கப்பட்டது. இறப்பர்ப் பாதம் கொண்ட அந்தக் கால், சப்பாத்து இல்லாமல் நடக்கவும் குந்தியிருக்கவும் இடம் தந்தது. கடற்கரை ஊருக்கு அது சிறிய உதவியல்ல.

ஆனால் நடை திரும்பினாலும் வலி போய்விடுவதில்லை. வெட்டுண்ட நரம்பு முனைகள் மட்டுமல்ல, மூளையில் அந்தக் காலுக்குரிய பகுதியும் இதில் பங்கு கொள்கிறது. அதனால் சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் போதுவதில்லை. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகள் சிலருக்கே பலன் தருகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் வேறு வழி கண்டார்: ஒரு கையை இழந்தோருக்கு, இருக்கும் கையின் பிம்பத்தை, இழந்த கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்தார். இறுகிக் கிடந்த மாயக் கை விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர். பின்னர் கால் இழந்தோருக்கும் அது பயன்பட்டது. எல்லோருக்கும் பலிக்காவிட்டாலும், ஒரு நிலைக்கண்ணாடி அளவே செலவு வைக்கும் சிகிச்சை அது.