எஸ் தட்டினால் ஸட்ஜமம்

மரக்காணத்து உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு, இது பாணர்கள் நடந்த வழி என்பது தோன்றுவதில்லை. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில், சீறியாழோடு மன்னன் நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணன் எயிற்பட்டினத்தைக் கடக்கிறான். அந்த எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அவன் பாட்டு நினைவிலும் விரலிலும் இருந்தது.

பாட்டைத் தாளில் இறக்க முனைந்த பிறகுதான், யாருடைய எழுத்தில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-ல் சென்னையில் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் அச்சிட்டார். அவர் விடாமல் வற்புறுத்தியதால் சுப்பராம தீட்சிதர் எழுதியதுதான் எட்டயபுரத்தில் 1904-ல் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. அதில் ஸ ரி க ம எழுத்துகளே சுவரங்கள். கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள். கம்பிதம் என்னும் கமகத்துக்கு ஒரு நெளிகோடு. நம் சங்கீதத்தை நம் சுவர எழுத்துகளிலேயே எழுதலாம் என்று காட்டிய புத்தகம் அது.

கணினி வந்ததும் பழைய கேள்வி திரும்பி வந்தது. ஐந்துகோட்டு முறையில் எழுதும் மென்பொருள்கள் வந்தன: 1988-ல் ஃபினாலே, 1993-ல் ஃபின் இரட்டையரின் சிபேலியஸ், 2002-ல் வெர்னர் ஷ்வீர் தொடங்கிய மியூஸ்ஸ்கோர். ஒவ்வொரு சுவரத்தையும் மவுஸால் பொறுக்கி வைத்தால் ஒரு பல்லவிக்கே பொழுது போய்விடும் என்பதால், அவற்றை உருவாக்கியவர்கள் தட்டச்சு விசைகளுக்கு வேலை கொடுத்தார்கள். மேற்கத்திய சங்கீதத்தில் சுவரங்களின் பெயர் ஏ முதல் ஜி வரை. விசைகளும் அப்படியே அமைந்தன. ஸ-வை ‘சி’யாகக் கொண்டால், ‘ரி’ என்று மனம் பாடும்போது விரல் ‘டி’யைத் தேட வேண்டும். இந்த மொழிபெயர்ப்பு வேலை பாட்டின் ஓட்டத்தையே அறுத்துவிடும்.

நல்லவேளை, விசைகளை மாற்றிக்கொள்ளும் வசதியையும் வைத்தார்கள். மியூஸ்ஸ்கோரின் விருப்பத்தேர்வுகளில் குறுக்குவிசைப் பட்டியலைத் திறந்து, ‘சி’ சுவரத்துக்கு எஸ், அடுத்தடுத்து ஆர், ஜி, எம், பி, டி, என் என்று கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு தடை. எஸ் ஏற்கெனவே இரு சுவரங்களை இணைக்கும் வளைகோட்டுக்கு உரியது. என் சுவரம் உள்ளிடும் நிலைக்குப் போவதற்கான விசை. அந்த வேலைகளுக்கு வேறு விசைகளைத் தந்த பிறகே வழி திறந்தது. எஸ்ஸிலிருந்து என் வரை தட்டி, மறுபடி எஸ் தட்டினேன். சங்கராபரண ஆரோகணம் கோடுகளில் ஏறி நின்றது. மாயாமாளவகௌளைக்கு ரியையும் தாவையும் மட்டும் கீழம்பு விசையால் அரைச்சுவரம் இறக்கினால் போதும். அன்று எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

பிள்ளைகளுக்குச் சுவரம் எழுதிக் கொடுக்கும் பாட்டு வாத்தியார்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். மியூஸ்ஸ்கோருக்குக் காசு கிடையாது. மாற்றிய விசைகளை ஒரு கோப்பாகச் சேமித்து மாணவர்களுக்கும் கொடுங்கள். அவர்கள் கணினியில் அதை ஏற்றினால் அங்கேயும் எஸ் தட்டினால் ஸட்ஜமம்தான்.