இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய பண்டிதை

விதவைப் பெண்களின் படிப்புன்னு பேச்சு வந்தா நமக்கு உடனே நினைவுக்கு வருபவர் சகோதரி சுப்புலட்சுமி. 1912-ல் சென்னையில் இளம் விதவைகளுக்காக இல்லம் தொடங்கியவர். அதற்கு 23 வருஷம் முன்பே பம்பாயில் இதே வேலையைத் தொடங்கிய இன்னொரு பெண் உண்டு. அப்போ அவருக்கு வயசு முப்பது. பேர் பண்டித ரமாபாய். சமூக சீர்திருத்தம்னு பாடம் வரும்போது ஒரு வரியில் பேரைப் படிச்சிட்டுத் தாண்டிப் போயிருப்போம். அந்த ஒரு வரிக்குள் அடங்குற கதை இல்லை இது. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே :-)

1858-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் கங்காமூலாவில் பிறந்தார். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே, சமஸ்கிருத பண்டிதர். ஆசாரமான ஆளுங்க எதிர்த்தும் கேட்காமல் மனைவி லட்சுமிபாய்க்கு சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர். அந்த அம்மாதான் ரமாவுக்கு குரு. குடும்பமே ஊர் ஊராய் நடந்து, கோவில்களில் புராணம் வாசித்துப் பிழைத்தது. ரமாவுக்குச் சின்ன வயசில் கல்யாணமும் செய்து வைக்கவில்லை. அந்தக் காலத்தில் அதுவே பெரிய கலகம்தான்.

1870-களின் நடுவில் பஞ்சம் வந்தது. தென்னிந்தியாவில் அலைந்துகொண்டிருந்த அந்தக் குடும்பத்தில் அப்பா, அம்மா, அக்கா மூணு பேரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மிஞ்சியது ரமாவும் அண்ணன் சீனிவாசும். சாஸ்திரம் சொன்ன விரதம், தானம், தீர்த்த யாத்திரை எல்லாம் செய்தும் ஏன் இப்படி ஆச்சு? ரமாவின் நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்தது இங்கேதான்.

அண்ணனும் தங்கையும் நடந்தே வட இந்தியாவெல்லாம் சுற்றி 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் இந்த இருபது வயசுப் பெண்ணைச் சோதித்துப் பார்த்து அசந்துபோய் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். பிரம்ம சமாஜத்தின் கேசவ சந்திர சென் வேதத்தைப் படிக்கச் சொல்லி ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார். புராணம் முழுக்க மனப்பாடமா வெச்சிருந்தவர் அதுவரை வேதத்தைத் தொட்டதில்லை. பெண்கள் படிக்கக் கூடாதாம். நம்ம பாஷையில் சொன்னா, புராணத்துக்கு ரீட் பர்மிஷன், வேதத்துக்கு அக்சஸ் டினைடு!

1880-ல் அண்ணனும் போய்விட்டார். அதே வருஷம் பிபின் பிகாரி மேத்வி என்ற வங்காள வக்கீலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். வேற சாதி, வேற மொழி. 1882-ல் காலராவில் கணவரும் இறந்தார். இடுப்பில் மனோரமான்னு ஒரு குழந்தை. இப்போ ரமாபாயே ஒரு விதவை. வயசு 23.

மூலையில் உட்காரவில்லை அவர். புனேவுக்கு வந்து அதே வருஷம் ஆர்ய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அரசாங்கம் அமைத்த ஹண்டர் கல்விக் குழுவின் முன் போய், பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேணும்னு சாட்சி சொன்னார்.

தானே டாக்டருக்குப் படிக்கணும்னு 1883-ல் இங்கிலாந்து கிளம்பினார். காது மந்தமானதால் அது நடக்கவில்லை. வாண்டேஜ் ஊரில் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தவர் அந்த வருஷமே ஞானஸ்நானம் பெற்றார். இந்தியாவில் பெரிய கொந்தளிப்பு. நேற்று வரை 'சரஸ்வதி' என்றவர்களே துரோகி என்றார்கள்.

சரி, சர்ச்சாவது சந்தோஷப்பட்டதா? அதுவும் இல்லை! திரித்துவக் கொள்கையை அப்படியே ஏற்க மாட்டேன், பைபிளை நானே படித்து முடிவு செய்வேன் என்றார். செல்டன்ஹாம் கல்லூரியில் அவர் ஆண்களுக்குப் பாடம் நடத்தலாம்னு பேச்சு வந்தபோது, இந்தியாவில் இருந்த பிஷப்புகள் கூடாது என்றார்கள். இந்தியாவில் ஆண்கள் நிறைந்த சபையிலேயே பேசியவருக்கு இது எப்படி இருக்கும்? அவருக்கும் சகோதரி ஜெரால்டினுக்கும் நடந்த கடிதச் சண்டை பின்னாளில் புத்தகமாகவே வந்தது. ஒரு புரோகிதர் கூட்டத்திடமிருந்து கஷ்டப்பட்டு விடுபட்டது இன்னொரு கூட்டத்துக்குத் தலைகுனிய இல்லை என்பதுதான் அவர் வாதம்.

1886-ல் அமெரிக்கா போனார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். பாஸ்டனில் அவருக்காகவே ஒரு சங்கம் உருவாகி, பத்து வருஷம் பணம் தர ஒத்துக்கொண்டது. மதப் பிரச்சாரம் கூடாது என்பது ஏற்பாடு. அந்தப் பணத்தில் 1889 மார்ச்சில் தொடங்கியதுதான் சாரதா சதன். அடுத்த வருஷம் புனேவுக்கு மாறியது.

1893-ல் வெடித்தது. ரமாபாய் ஜெபம் செய்யும்போது பெண்கள் வந்து உட்காருகிறார்கள், மதம் மாற்றப் பார்க்கிறார்னு புகார். திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடே, பண்டார்கர் எல்லாம் விலகினார்கள். பல வீட்டார் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். என் அறைக் கதவைத் திறந்து வெச்சுத்தான் ஜெபம் செய்வேன், வருகிறவளைத் துரத்த மாட்டேன் என்பது ரமாபாயின் பதில்.

யார் பக்கம் நியாயம்? ரானடே தரப்பைச் சும்மா ஒதுக்க முடியாது. போக்கிடம் இல்லாத சின்னப் பெண்ணுக்கு, சோறு போடுறவங்க கதவு திறந்திருப்பதே ஒரு அழைப்புதான். அதே சமயம், அந்தப் பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்கார வெச்சப்போ அவள் விருப்பத்தை யாரு கேட்டாங்க? இந்த ரெண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்காமல் இந்தச் சண்டையை எழுதினால் அது பாதி வரலாறுதான்.

பிறகு ரமாபாய் முழுக்கவே கிறிஸ்தவ சேவைக்குத் திரும்பினார். 1890-களின் கடைசியில் வந்த பஞ்சத்தில் அனாதையான பெண்களை அழைத்து வந்து, புனே பக்கம் கேட்காவில் முக்தி இல்லத்தை வளர்த்தார். அங்கே பலர் மதம் மாறியதும் உண்மை. தையல், நெசவு, அச்சகம் என்று ஆளுக்கொரு தொழில் கற்றதும் உண்மை. எபிரேய, கிரேக்க மூலத்திலிருந்து பைபிளை மராத்தியில் தானே மொழிபெயர்த்து, அந்தப் பெண்களை வெச்சே அச்சடித்தார். 1922-ல் காலமானார்.

சாரதா சதனில் சேர்ந்த முதல் விதவை கோதுபாய். அவர் மதம் மாறவில்லை. படித்தார், அங்கேயே வேலையும் பார்த்தார். அந்தச் சர்ச்சை நடந்த 1893-லேயே தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். விதவைகளுக்கு இல்லமும், 1916-ல் பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் தொடங்கினாரே, அதே கார்வேதான். ரமாபாயின் நம்பிக்கை பற்றி எனக்கோ உங்களுக்கோ என்ன கருத்து வேணா இருக்கலாம். அவரிடம் படித்த கோதுபாய் தன் வழியைத் தானே முடிவு செய்தார் என்பதை மட்டும் யாராலும் மறுக்க முடியாது.

உங்க ஊர்ப் பக்கம் இப்படி ஒரு வரியில் தாண்டிப் போன பெண்கள் யாராவது இருந்தா எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன்.