வீட்டுப் பொருள்களில் பிறந்த திரைக் கருவி

நம் நாட்டுத் திரைப்பட வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் நடிகரையும் நெறியாளரையும் சொல்லி அமைந்துவிடுவர். படம் காட்டிய கருவி எது, அதனை இயக்கிய கைகள் யாருடையவை, வேண்டிய பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று வினவுவோர் சிலரே. அவ்வினாக்களுக்கு விடை தேடி நாம் மும்பைக்குச் சென்றால், அது பெரிய தொழிற்சாலைகளில் அன்று, ஓர் எளிய குடும்பத்தின் கூடத்திலும் அடுக்களையிலும் கிடைக்கக் காண்கிறோம்.

தாதாசாகிப் பால்கே எனப் பெயர் பெற்ற துண்டிராஜ் கோவிந்த பால்கே, 1911ஆம் ஆண்டில் பம்பாய்க் கிர்காம் பகுதியில் ஏசுநாதரின் வரலாற்றைக் காட்டும் படமொன்றைக் கண்டார். நம் இராமனும் கண்ணனும் இவ்வாறு திரையில் உலாவும் நாள் வாராதோ என்னும் ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. உடனே விலை மலிந்த விளையாட்டுப் படக்கருவி ஒன்றையும் சில படச்சுருள்களையும் வாங்கினார். மெழுகுவத்தியின் ஒளியைக் கண்ணாடி வில்லையின் வழியே செலுத்தி, இரவு தோறும் தம் வீட்டுச் சுவரில் படம் விழச் செய்து ஆராய்ந்தார். ஓய்வின்றிப் பார்த்ததால் கண்ணொளி மங்கிற்று. மருத்துவத்தாலேயே அவர் பார்வையை மீளப் பெற்றார்.

1912இல் ஆயுள் காப்புப் பத்திரத்தை ஈடு வைத்து இலண்டன் சென்றார். வில்லியம்சன் படப்பிடிப்புக் கருவியையும், படச்சுருளின் ஓரங்களில் துளையிடும் பொறியையும் பெற்றுத் திரும்பினார். பெரிய படத்திற்குப் பொருள் தருவோர் இல்லை. ஆகவே ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, அதன் முன் கருவியை நிறுத்தி, ஒரு மாதத்திற்கு மேலாக இடையிட்டு இடையிட்டுப் படம் பிடித்தார். விதை முளைத்துச் செடியாகும் காட்சி ஒரு நிமிட அளவில் திரையில் ஓடிற்று. அதைக் கண்ட பின்னரே பணம் தர ஆள் கிடைத்தது. ஒரு தொட்டியும் ஒரு பிடி மண்ணும் செய்த வேலை இது!

இங்கே நாம் மறக்கலாகாத பெயர் ஒன்று உண்டு. அது பால்கேயின் மனைவியார் சரசுவதிபாய் என்பது. அந்நாளில் படச்சுருள் துளையில்லாமலே வந்தது. இருட்டறையில் அமர்ந்து அதனைத் துளையிடும் பணியை அவ்வம்மையார் ஏற்றார். மருந்துக் கலவைகளைச் சேர்த்தார். வெயிலில் படுக்கை விரிப்பை ஏந்தி நின்று நடிகர் முகத்தில் ஒளி திருப்பினார். தம் நகைகளையும் தந்தார். பின் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டார். 1913 மே 3ஆம் நாள் கொரோனேஷன் கொட்டகையில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்ட ‘இராஜா அரிச்சந்திரா’ ஏறத்தாழ 3,700 அடி நீளம். அடிக்கு 16 படங்கள், ஒவ்வொரு படத்திற்கும் இருபுறமும் சேர்த்து 8 துளைகள் எனக் கணக்கிட்டால், நான்கு இலட்சத்து எழுபதாயிரத்திற்கு மேற்பட்ட துளைகள் ஆகின்றன!

இப்படம் கண்டு கோலாப்பூரில் ஓவியர் பாபுராவும் அவர் உறவினர் ஆனந்தராவும் தாமே படப்பிடிப்புக் கருவியைச் செய்ய முற்பட்டனர். 1916இல் ஆனந்தராவ் மறைந்தார். எனினும் பாபுராவ், தம் மாணவர் தாம்லேயின் துணையோடு கருவியை முடித்தார். ஒன்றைப் பார்த்து அதுபோல் ஒன்றைச் செய்தல் வெறும் போலி அன்று. அதுவும் ஒரு கல்வியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமிழருக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. நம் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் பம்பாயில், இம்பீரியல் படநிலையத்திலேயே எடுக்கப்பட்டது. அதன் பிரதி ஒன்றேனும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ‘இராஜா அரிச்சந்திரா’வும் முழுமையாக எஞ்சவில்லை. 1948இல் தோன்றிய செம்பூர் ஆர்.கே. படநிலையத்தில் 2017 செப்டம்பரில் தீப்பற்றியபோது, பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த உடைகளும் நினைவுப் பொருள்களும் சாம்பலாயின. பின்னர் அந்நிலமும் கைமாறிற்று. பொருளைப் பேணுதல் கடமை. ஆனால் தீயும் காலமும் கொண்டுபோன பொருளை என் செய்வது?

அதன் செய்முறையை அறிந்தோமாயின் மீண்டும் ஆக்கலாம். பால்கேயின் முயற்சியைக் கதையாகக் கொண்ட ‘அரிச்சந்திராச்சி ஃபேக்டரி’ என்னும் மராத்திப் படம் 2009இல் வெளிவந்தபோது, பழைய கருவிகளும் அந்த வீட்டுச் சூழலும் திரைக்காக மறுபடி அமைக்கப்பெற்றன. ஒரு காலத்தின் தொழிற்கருவி மற்றொரு காலத்தின் நாடகப் பொருளாயிற்று.

அம்முதற் கருவியின் மாதிரியை நம் இல்லத்திலும் செய்யலாம். அட்டைப் பெட்டி ஒன்று, கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடி ஒன்று, மின்விளக்கு ஒன்று, ஒளி ஊடுருவும் தாளில் மையால் வரைந்த சிறு படம் ஒன்று போதும். பெட்டியின் முன்புறத்தில் வட்டத் துளையிட்டு வில்லையைப் பொருத்துக. படத்தைத் தலைகீழாக நிறுத்துக. வில்லை உருவைத் திருப்பிக் காட்டுமாதலின் சுவரில் அது நேராக விழும். படத்தின் பின்னே விளக்கு அமைக. வில்லையின் குவியத் தொலைவு 10 சென்டிமீட்டராயின், படத்தை 11 சென்டிமீட்டரில் வைத்து, சுவரை 110 சென்டிமீட்டரில் கொள்க. உரு பத்து மடங்காகத் தோன்றும். அறை நன்கு இருண்டிருத்தல் வேண்டும். மெழுகுவத்தி அட்டைக்குப் பகையாதலால் அதனை நாம் விலக்கிவிடுவோம்.

பழைய அட்டையும் தகரமும் பிளாஸ்டிக்கும் புதுப்பொருளாக மாறும் தாராவியிலும், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய மாட்டுங்காவிலும், படநிலையத்தை இழந்த செம்பூரிலும் உள்ள நம் பிள்ளைகளுக்கு இப்பொருள்கள் அரியன அல்ல. பெட்டியைச் செய்து முடித்த பின் ஒரு தாள் நாடாவை எடுத்து, ஓர் அடி நீளத்திற்கு இருபுறமும் 128 துளைகளை ஊசியால் இடச் சொல்லுங்கள். சரசுவதிபாயின் உழைப்பு எத்தகையது என்பதை அவர்கள் விரல்களே அவர்களுக்குக் கூறும்.