பல்லாவரம்: சந்தையும் ஊரும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் கோட்டையையும் அரண்மனையையும் தேடுவது வழக்கம். கோட்டையின்றி, அரண்மனையின்றி, வாரச் சந்தை ஒன்றினாலேயே ஊராக நிலைபெற்றவையும் உலகில் பல உண்டு. இங்கிலாந்தில் அத்தகைய ஊர்களுக்குச் 'சந்தை நகரம்' என்றே பெயர். இடைக்காலத்தில் சந்தை கூட்டும் உரிமையை மன்னரிடமிருந்து சாசனமாகப் பெற்ற ஊர்கள் அவை. அவற்றுட் பல, அவ்வுரிமையை இன்றளவும் பெருமையுடன் பேணி வருகின்றன.

சென்னைக்குத் தெற்கே உள்ள நம் பல்லாவரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நூறாண்டைக் கடந்த அதன் வெள்ளிக்கிழமைச் சந்தை ஒருகாலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது. இன்று பழைய டிரங்க் ரோட்டில் காய்கறி, கருவாடு, பூச்செடி, புறா, பழைய புத்தகம், பழுதுபார்த்த மின்விசிறி என அங்குக் கிடைக்காத பொருள் அரிது. ஜும்ஆத் தொழுகையை முடித்து வருவோரும் அலுவலகம் விட்டு வருவோரும் அங்கே ஒன்றாகப் பேரம் பேசுகின்றனர்.

இவ்வூரின் தொன்மையோ சந்தையினும் மிகப் பெரிது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார், பல்லாவரத்துப் படைத்திடலுக்கு அருகில் சரளை தோண்டிய குழியொன்றில் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அன்றுதான் தொடங்கிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் கண்ட அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையுடையவை என்று 2011-இல் ஆய்வாளர் அறிவித்தனர். பல்லாவரத்துக் குன்றுகளின் கருங்கல்லுக்கும் ஒரு சிறப்புண்டு. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள கல் இந்த இனத்ததே. அவர் பெயராலேயே 'சார்னகைட்' என உலகெங்கும் அது வழங்குகிறது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் இங்கு ஒரு குடைவரையை அமைத்தான். அவனுடைய விருதுப் பெயர்கள் அக்கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அக்குடைவரை தர்காவாயிற்று. எழுத்து ஒரு காலத்தையும், அங்குக் கூடும் மக்கள் மற்றொரு காலத்தையும் பேசுகின்றனர். ஒரு பாறை இரண்டு வரலாறுகளைச் சுமந்து நிற்பதை இங்கே காண்கிறோம்.

கும்பினியார் காலத்தில் பல்லாவரம் படைத் தண்டாக விளங்கிற்று. பரங்கிமலையையும் பல்லாவரத்தையும் இணைத்த கண்டோன்மென்ட் அதன் தொடர்ச்சியே. பின்னர் வந்தது தோல் தொழில். 1912-இல் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் குரோம் முறையில் தோல் பதனிடும் ஆலையை நிறுவினார். அதனால் எழுந்த ஊரே குரோம்பேட்டை. நாகல்கேணி வரை தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. பெரியமேட்டு மண்டிகளோடும் ஆம்பூர், வாணியம்பாடி வணிகர்களோடும் தொடர்பு கொண்ட நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தொழில் வாழ்வளித்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் நகரம் அருகில் வந்துவிட்டது.

வாழ்வளித்த தொழிலே தண்ணீரையும் கெடுத்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. தமிழகத்துத் தோல் ஆலைகளின் கழிவு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்திற்று. பொருளீட்டலும் பொதுநலனும் எதிரெதிரே நிற்கும்போது எளியவரின் கிணற்றுக்கே முதலில் கேடு வருகிறது என்பது அதிலிருந்து நாம் கற்ற பாடம்.

அப்பாடம் இன்று மீண்டும் தேவைப்படுகிறது. பல்லாவரம் வேகமாக மாறி வருகிறது. பெரிய ஏரியை ஊடறுத்துத் துரைப்பாக்கம் சாலை செல்கிறது. 2020-இல் ஜி.எஸ்.டி. சாலையில் மேம்பாலம் திறக்கப்பட்டது. 2021-இல் பல்லாவரம் உள்ளிட்ட 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. கண்டோன்மென்ட்களில் பொதுமக்கள் வாழும் பகுதிகளைப் பிரித்து அண்டை உள்ளாட்சிகளோடு சேர்க்கும் கொள்கையை ஒன்றிய அரசு 2023-இல் செயற்படுத்தத் தொடங்கிற்று. இவற்றால் நன்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. நெரிசலில் மணிக்கணக்காய் நின்றவர்களுக்கு மேம்பாலத்தின் அருமை தெரியும். ஆயினும், பாலத்தின்மேல் பறந்து செல்வோர் கண்ணுக்குக் கீழேயுள்ள ஊர் தென்படுவதில்லை. ஊரைக் கடந்து செல்வதற்கான வசதி வேறு. ஊரில் வாழ்வதற்கான வசதி வேறு.

வெயிலிலும் மழையிலும் தரையில் சாக்கு விரித்து விற்கும் மூதாட்டிக்கு ஒரு நிழற்கூரையும், குடிநீரும், பெண்களுக்கெனத் தூய்மையான கழிப்பறையும் வேண்டும். நிர்வாகம் எந்த அலுவலகத்தின் கைக்கு மாறினாலும், அவள் வழக்கமாக உட்காரும் இடம் அவளுக்கே உரியது என்ற உறுதியும் வேண்டும். சந்தையை ஒழுங்குபடுத்துதல் என்பது சந்தைக்காரரை அப்புறப்படுத்துதல் ஆகிவிடக் கூடாது.

தொல்பொருள் காப்பிலும் இதே நீதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். பெருங்கற்காலப் புதைகுழிகளைக் கொண்ட பல்லாவரத்தில் இச்சட்டம் எளிய வீடுகளின் சுவர் வரை வந்து நிற்கிறது. மூதாதையரின் ஈமப்பேழையைக் காப்பதும் கடமை. உயிரோடிருப்போரின் ஒழுகும் கூரையைப் பார்ப்பதும் கடமை. எல்லை எது, அனுமதி பெறும் வழி எது என்பதைத் தமிழில் தெளிவாக எழுதி வைத்தாலே பாதி மனக்கசப்பு தீரும்.

அரசின் கடமையைச் சொன்ன நாம், நம் கடமையையும் சொல்லியாக வேண்டும். பல்லவன் தன் பெயரைக் கல்லில் பொறித்துவிட்டுப் போனான். தோல் கூடத்தில் உழைத்தவரும் சந்தையில் விற்றவரும் அவ்வாறு எதையும் பொறிக்கவில்லை. அவர்களின் வரலாறு, வீட்டுப் பரணில் கிடக்கும் கணக்கேடுகளிலும், பழைய ரசீதுகளிலும், திருமணப் பத்திரிகைகளிலும், மங்கிய நிழற்படங்களிலுமே இருக்கிறது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் நாளில் இவைதாம் முதலில் பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. அவற்றை எடுத்து, நாளும் பெயரும் குறித்து, பள்ளிவாசல் நூலகத்திலோ வீட்டுப் பெட்டியிலோ வைத்துக் காப்பது எவருக்கும் இயலாத காரியமன்று. பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குவோமாக.