மாத்திரையும் துணையும்: முதுமை மறதிப் பராமரிப்பு வளர்ந்த வரலாறு

குற்றாலத்து அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்பது தென்காசி, வடகரைப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. வீட்டுப் பெரியவர் பிள்ளையின் பெயரை மறந்தாலோ, ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள். முதுமை மறதி நோய் முற்றி, முதியோர் இல்லத்தில் சேர்க்க நேரும்போதுதான் மருந்தா பராமரிப்பா என்ற கேள்வி எழுகிறது. இரண்டும் வேறு வேறு வழிகளில் வளர்ந்தவை. இல்லவாசிகளுக்கு அவை சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழகத்தில் தொடக்கம்

சென்னையில் மனநோயாளர் காப்பகம் 1794-இலேயே தோன்றிவிட்டது. முதியோர் மருத்துவத்துக்கு வழி பிறக்கவோ 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1988-இல் உள்நோயாளர் பிரிவும் வந்தது. திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வு 1997-இல் வெளியானது. அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 3.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி நோய் இருப்பதை அது காட்டியது. ஊர்ப்புறத்தில் இந்நோய் இல்லை என்ற எண்ணம் அதன்பின் நிற்கவில்லை.

1998-இல் கொச்சியில் உருவான ‘10/66’ ஆய்வுக்குழுவின் பெயரிலேயே ஒரு குற்றச்சாட்டு உண்டு: நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடப்பதில்லை. சென்னையும் வேலூரும் அக்குழுவின் ஆய்வுக் களங்களாயின.

மருந்தின் எல்லை

முதுமை மறதிக்கான மருந்துகளில் டோனெபெசில் 1996-இலும் மெமன்டைன் 2003-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை அறிகுறிகளைச் சிறிது தணிக்கும், நோயை நிறுத்தா. கத்துவது, அடிப்பது, இரவில் அலைவது போன்றவற்றை அடக்க இல்லங்களில் மனநோய் மருந்துகளே கொடுக்கப்பட்டு வந்தன. முதுமை மறதி உள்ளவர்களிடம் அவை இறப்பைக் கூட்டுகின்றன என்று 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பிரிட்டன் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், இம்மருந்தைத் தொடர்ந்தவர்களில் இரண்டாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 46 விழுக்காடு, நிறுத்தியவர்களில் 71.

இரண்டும் சேர்ந்த இடம்

அப்படியானால் மருந்தை நிறுத்தினால் போதுமா? 2016-இல் வெளியான மற்றொரு பிரிட்டன் ஆய்வு இதற்கு விடை தந்தது. மனநோய் மருந்தை மறுபரிசீலனை செய்து குறைத்ததோடு நின்ற இடங்களில் நடத்தைக் கோளாறுகள் கூடின. கூடவே பேச்சுத் துணையும் விருப்பமான செயல்களும் அமைந்த இடங்களில் அந்தப் பாதிப்பு தணிந்தது, இறப்பும் குறைந்தது.

துணை என்பது முதலில் உடலைக் கவனிப்பது. குளிப்பாட்டும்போது கை ஓங்கும் பாட்டியை ‘முரடு’ என்று குறித்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டுவது எளிது. அவருக்குத் தோள்மூட்டில் வலி இருக்கலாம்; சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் உயிர் போகும். சொல்லத்தான் வாய் வராது. நார்வேயில் 18 இல்லங்களில் 352 பேரிடம் நடந்த ஆய்வு (2011) இதையே உறுதிசெய்தது: பாராசிட்டமால் தொடங்கிப் படிப்படியாக வலிக்கு மருந்து கொடுத்ததில் மூர்க்கம் குறைந்தது. முன்னால் வந்து நின்று முகம் காட்டி, ‘ஆச்சி, தண்ணி ஊத்தட்டுமா?’ என்று கேட்டு, வெந்நீரைக் காலிலிருந்து மெல்ல ஊற்றுவதும் சிகிச்சையே.

தென்காசிக்கு

2001-இல் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் சங்கிலியில் கட்டுண்ட மனநோயாளர் 28 பேர் மாண்டது, கண்காணிப்பில்லாத காப்பகம் எதில் முடியும் என்பதைக் காட்டியது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் நினைவாற்றல் கோளாறும் அடங்கும். ஆகவே முதுமை மறதி நோயாளரை வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் இச்சட்டத்துக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று ஒதுங்க முடியாது.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதே வருகையை முதியோர் இல்லங்களுக்கும் முறைப்படுத்தலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் மருந்துச் சீட்டையும் மருத்துவர் பார்க்க வேண்டும். வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இவற்றைச் சோதித்த பிறகே மனநோய் மருந்தைத் தொட வேண்டும். பராமரிப்பாளருக்குப் பயிற்சியும் நியாயமான சம்பளமும் வேண்டும். இவற்றுக்குப் புது மருந்து எதுவும் வர வேண்டியதில்லை. மாவட்ட நிர்வாகம் முடிவெடுத்தால் போதும்.