தோப்பலோவ் – ஆனந்த் (2010 உலக சதுரங்க வாகையாளர் போட்டி, 12-ஆவது ஆட்டம்)

தோப்பலோவ் – ஆனந்த், 12-ஆவது ஆட்டம் என்பது 2010 உலக சதுரங்க வாகையாளர் போட்டியின் இறுதி ஆட்டம் ஆகும். இது மே 11, 2010 அன்று பல்காரியத் தலைநகர் சோஃபியாவில் நடைபெற்றது. கறுப்புக் காய்களுடன் ஆடிய தமிழகத்தின் விசுவநாதன் ஆனந்த், வெள்ளைக் காய்களுடன் ஆடிய வெசெலின் தோப்பலோவை 56 நகர்த்தல்களில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

பின்னணி

ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வழிப் போக்குவரத்து முடங்கியதால், ஆனந்த் பிராங்க்ஃபுர்ட்டிலிருந்து சோஃபியாவுக்குச் சாலை வழியே சென்றார். அவர் மூன்று நாள் தள்ளிவைப்புக் கோரினார். ஒரு நாள் மட்டுமே வழங்கப்பட்டது. ஏப்ரல் 24 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் அவர் தோற்றார். 2, 4-ஆவது ஆட்டங்களில் ஆனந்தும், 8-ஆவது ஆட்டத்தில் தோப்பலோவும் வென்றனர். ஏனையவை சமநிலையில் முடிந்தமையால், 11 ஆட்டங்களின் முடிவில் இருவரும் தலா 5½ புள்ளிகள் பெற்றிருந்தனர். கடைசி ஆட்டமும் சமநிலையானால் அதிவேக ஆட்டங்கள் மூலம் வெற்றியாளர் தீர்மானிக்கப்படுவார். அவ்வகை ஆட்டத்தில் ஆனந்த் வல்லவர் என்பதால், தோப்பலோவ் அதைத் தவிர்க்க விரும்பினார்.

திறப்பு

1.டி4 டி5 2.சி4 ஈ6 3.குஎஃப்3 குஎஃப்6 4.குசி3 மஈ7 5.மஜி5 எச்6 6.மஎச்4 0-0 7.ஈ3 குஈ4

(கு – குதிரை, ம – மந்திரி, 0-0 – ராஜா பக்கக் கோட்டை கட்டுதல்)

ராணியின் பலியாட்டத்தை ஏற்க மறுக்கும் இவ்வரிசை, முன்னாள் உலக வாகையாளர் இமானுவேல் லாஸ்கரின் பெயரால் லாஸ்கர் தடுப்பாட்டம் எனப்படுகிறது. குதிரையை ஈ4 கட்டத்துக்கு நகர்த்திக் காய்களைப் பரிமாறி, நெருக்கடியான நிலையைத் தளர்த்துவதே இதன் நோக்கம். 11-ஆவது நகர்த்தலுக்குள் இரு தரப்பிலும் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும் வெட்டப்பட்டன.

திருப்புமுனை

30-ஆவது நகர்த்தல் வரை நிலை ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. கறுப்பு எஃப்5-க்கு நகர்த்திய சிப்பாயை, 31-ஆவது நகர்த்தலில் வெள்ளை ஈ4 சிப்பாயால் வெட்டியது. ஆனந்த் உடனே தன் ஈ5 சிப்பாயை ஈ4-க்கு முன்னேற்றினார். அதையும் தோப்பலோவ் எஃப்3 சிப்பாயால் வெட்டியதே பெரும் பிழையாயிற்று. ஏ8 முதல் எச்1 வரையிலான மூலைவிட்டத்தை அடைத்திருந்த சிப்பாய் விலகியதால், ஏ8-இல் நின்ற கறுப்பு மந்திரியின் பாதை திறந்தது. கறுப்பு ராணி ஈ4 சிப்பாயை வெட்டி முற்றுகையிட, வெள்ளை ராஜா எச்3, பின்னர் எச்4 கட்டங்களுக்கு ஓட நேர்ந்தது. 46-ஆவது நகர்த்தலில் தோப்பலோவ் தம் ராணியை இழந்து, பதிலாக ஒரு கோட்டையையும் மந்திரியையும் பெற்றார். 56-ஆவது நகர்த்தலுக்குப் பின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

முடிவு

ஆனந்த் 6½–5½ என்ற புள்ளிக்கணக்கில் போட்டியை வென்றார். 2012-இல் போரிசு கெல்ஃபாண்டை வென்று மீண்டும் பட்டத்தைத் தக்கவைத்த அவர், 2013-இல் சென்னையில் மாக்னசு கார்ல்சனிடம் அதை இழந்தார்.